எல்லாச் சாஸ்தாவும் குளத்தங்கரையில்தான்

அன்றைக்கு அந்த வேப்பமரத்தடியில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். யாராவது விட்டுப்போனால் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் ஆறு பேர்: அப்பா, அம்மை, பெரியப்பா, பெரியம்மை, அம்மையின் இடுப்பில் தம்பி, ஒன்பது வயசில் நான். அந்தப் பக்கம் இரண்டு பேர்: ஓர் உப்பளத்துக்காரர், அவருடைய சம்சாரம். கடைசியில் ஓடிவந்து விலக்கிவிட்ட பூசாரி ஒருவர். கால் கட்டிய செஞ்சேவல் ஒன்று. சுற்றி ஐம்பது அறுபது பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை.

என்னைப்போல அறுபதைத் தாண்டியவர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் மகளிடம் ஒருமுறை ஆரம்பித்தேன். "ஒங்க அப்பா போன் நம்பரைச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள். எந்த போன்? எங்கள் தெருவிலேயே போன் கிடையாது. நீங்களென்றால் அதைக் கேட்க மாட்டீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பீடி சுற்றிச் சுற்றி விரல் காய்த்துப்போனவள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். அதனால் நான் எழுதுவது முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் பங்குனி வெயில் முன்னதாகவே ஏறிவிட்டது. எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றங்கரை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. பங்குனி உத்திரத்துக்கு நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. அன்றைக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தா எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ப் பொங்கல் விட வேண்டும். ஆற்றங்கரைக்காரனுக்குச் சாஸ்தா தேரிக்காட்டில் இருப்பார். தேரிக்காட்டுக்காரனுக்கு மலையடிவாரத்தில் இருப்பார். ஒருநாள் மட்டும் எல்லாரும் வீட்டைப் பூட்டிவிட்டு எதிரெதிராகப் போய்க்கொண்டிருப்பார்கள். எங்கள் சாஸ்தா சாத்தான்குளத்துக்கு அந்தப்பக்கம். மூன்று பஸ் மாற வேண்டும்.

இரண்டு பஸ் சரியாகத்தான் மாறினோம்.

சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. அப்பா ஒரு சாக்கைச் சுவரோரம் போட்டார். உள்ளே அரிசி, கருப்பட்டி, வெண்கலப் பானை.

"இது மேல உக்காருட்டி. நாங்க பஸ் கேட்டுட்டு வாரோம். எந்திரிச்ச, காலை ஒடிச்சிருவேன்."

அப்பா சொன்னால் செய்கிறவர். நான் உட்கார்ந்தேன். பானையின் விளிம்பு குத்தியது. சூடு சாக்கு வழியாக ஏறியது. பத்தடி தள்ளிக் குழாயடியில் ஒரு சேவல் கிடந்தது, கால் கட்டி, கழுத்தைத் தரையோடு சாய்த்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. யாரும் அதற்குத் தண்ணீர் காட்டவில்லை. எனக்கு அது செத்துப்போகும் என்று பயம். அப்போதே நான் அப்படித்தான். போய்க் குழாயில் கை பிடித்து அதன் அலகில் இரண்டு சொட்டு விட்டேன். அவ்வளவு நேரம்தான்.

திரும்பினால் சாக்கு இல்லை.

என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்தது. பஸ் வந்ததும் பெரியப்பா ஓடிவந்து சாக்கைத் தூக்கினார். பிள்ளை இல்லையே என்றால், முன்வாசல் வழியாகப் பெண்களோடு ஏறியிருக்கும் என்று நினைத்தார். முன்வாசலில் ஏறிய அம்மை, ஆண்பிள்ளைகள் என்னை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளியிருப்பார்கள் என்று நினைத்தாள். திருவிழா பஸ்ஸில் பிள்ளைகளை அப்படித்தானே ஏற்றுவார்கள், இடம் பிடிக்கத் துண்டைப் போடுவதுபோல. பஸ்ஸுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே நாற்பது பேர் நின்றால் யார் யாரைப் பார்க்க முடியும்?

நான் அழவில்லை. அழுதால் தொலைந்துபோனது உறுதியாகிவிடும் என்று தோன்றியது. சாக்கு கிடந்த இடத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே இல்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

சேவலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் சேவலின் அலகில் ஈரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீயாட்டி தண்ணி குடுத்த? யாரு பிள்ள நீ?"

ஊர் சொன்னேன், அப்பா பெயர் சொன்னேன். அவள் புருஷன் என் முன்னால் கீழே குந்தினார். அவருடைய கால்தான் எனக்கு முதலில் தெரிந்தது. பாதம் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளை. உப்பளத்தில் நிற்கிற கால் அது என்று அப்போது தெரியாது.

"எந்தச் சாஸ்தாவுக்குப் போறிய மக்கா?"

பெயர் எனக்குத் தெரியாது. வீட்டில் 'கோயில்' என்றுதான் சொல்வார்கள். "குளத்தங்கரையில இருப்பாரு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "குளத்தங்கரையில இல்லாத சாஸ்தா எங்கன இருக்காரு? வேற என்ன உண்டும்?"

"வேப்பமரம். வெள்ளைக் குதிரை."

"அதும் எல்லாக் கோயில்லயும் நிக்கும். இன்னும் நெனச்சுப் பாரு."

"குதிரைக்கு ஒரு காது கிடையாது. போன வருசம் நான் பாத்தேன்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். "அண்ணாச்சி, ஒத்தக் காதுக் குதிரை எந்தக் கோயில்ல?" ஒருவர் கிழக்கே என்றார், ஒருவர் மேற்கே என்றார். ஒரு கிழவர், "எங்க கோயில்லயும் ஒண்ணு உண்டும், ஆனா அதுக்கு மூக்குதான் கிடையாது" என்றார். இரண்டு பேருக்கு நடுவே குதிரையின் காதைப் பற்றிச் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் மோர் விற்கிற பெண் ஒருத்தி, கிழக்கே அடுத்தடுத்து இரண்டு குளம் இருக்கிறது, இரண்டில் ஒன்றுதான் என்றாள்.

அவர்களுடைய கோயில் பஸ் எதிர்ப்பக்கம் போகிற பஸ். அது அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள்.

"உச்சிப் பூசைக்குள்ள திரும்பிரலாமாங்க? நேர்ந்த சேவல்லா."

"திரும்பிரலாம் வா. பிள்ளைக்கு அம்மய மொதல்ல பாப்போம். பொங்கல் விடாம அவங்க எங்கயும் போவ மாட்டாங்க."

போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கலாம், அங்கேயே காத்திருந்திருக்கலாம். இப்போது எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த வெயிலில் ஒரு பிள்ளையை எத்தனை நேரம் தரையில் உட்கார வைப்பது என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

பஸ் ஏறும் முன் அந்த அம்மாள் பதினைந்து காசுக்குப் பிச்சிப்பூ வாங்கி என் பின்னலில் செருகினாள். "கோயிலுக்குப் போற பிள்ள வெறுந்தலையாவா போவ?" அவளுடைய கொண்டையில் பூ இல்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கண்டக்டர் வந்தார். "பிள்ளைக்கு எத்தன வயசு?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்பது விரலைக் காட்டினேன்.

"ஒம் பிள்ள வயச ஒனக்கு விரல் விட்டுல்லா காட்ட வேண்டியிருக்கு!" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். அரை டிக்கெட், முப்பத்தைந்து காசு. அந்த டிக்கெட்டை என் கையில் கொடுத்தாள். சிவப்புத் தாள், வியர்வையில் சாயம் உள்ளங்கையில் ஒட்டியது. மடியில் இருந்த ஓலைப்பெட்டியைத் திறந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டு கொடுத்தாள். நல்லெண்ணெய் மணம். சேவல் என் காலடியில் கிடந்தது. எனக்கு இட்லி இறங்கவில்லை, ஆனாலும் தின்றேன். வேண்டாம் என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று பயம்.

இறங்கிய இடத்திலிருந்து தேரி. அந்தச் செம்மணலை வெயிலில் மிதித்திருக்கிறீர்களா? நான் இரண்டு அடி வைத்துவிட்டுக் குதித்தேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு, சாலையோரம் சாக்கு விரித்து வளையலும் ஊதலும் செருப்பும் பரப்பியிருந்த கடைக்குப் போனார். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. கடைக்காரர் மூன்று ரூபாய் சொன்னார்.

"ரெண்டே முக்கால் வச்சுக்கிடும் அண்ணாச்சி. பிள்ள காலு வேகுது."

"ஒம்ம பிள்ளைக்கு வாங்கதுக்கு இம்புட்டுப் பேரமா வே?"

அந்த அம்மாள் வளையலைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள். அவர், இது என் பிள்ளை இல்லை என்று சொல்லவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணினார்.

"ஒங்களுக்கு?" என்று அவர் காலைக் காட்டிக் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? இது உப்புக்குள்ள நிக்க காலு மக்கா. சுட்டாத் தெரியாது."

அதற்கு முன் எனக்குச் செருப்பே கிடையாது. நடந்தால் பட் பட் என்று குதிகாலில் அடித்தது. அந்தச் சத்தத்தில் தொலைந்துபோனதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்தேன்.

முதல் குளத்தில் குதிரைக்கு இரண்டு காதும் இருந்தது. இரண்டாவது குளத்துக்குப் பனங்காட்டு வழியாகப் போனோம். உச்சி தாண்டிவிட்டது. தூரத்தில் ஏதோ கோயில் மேளம் கேட்டு நின்றது. அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் சேவலைக் கை மாற்றிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் பெரியம்மைதான் எங்களை முதலில் பார்த்தாள். "இந்தா வாராளே!" என்று கத்தினாள்.

அந்தச் சமயத்தில் அப்பா எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் விஷயம் தெரிந்து, திரும்பச் சாத்தான்குளம் ஓடி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டு, ஒரு வெற்றிலைக்காரர் "ஆணும் பெண்ணுமா ரெண்டு பேரு கூட்டிட்டுப் போனாவ" என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் ஓடிவந்திருந்தார். இரண்டு மணி நேரம். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மை அடுப்பு மூட்டாமல் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு மண்ணில் கிடந்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பின்னலில் பூ. காலில் புதுச் செருப்பு. வாயோரம் மிளகாய்ப்பொடி.

அவர்கள் எனக்குச் செய்த ஒவ்வொன்றும் அவர்களுக்கு எதிரான சாட்சியாக என் உடம்பில் இருந்தது. இது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று.

பெரியப்பா அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "யாருலே நீ? எந்த ஆளுக?" அவர் ஊரைச் சொன்னார். ஊர் இல்லை, ஆளைக் கேட்டேன் என்றார் பெரியப்பா. அதற்கு அவர் சொன்ன சாதிப் பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்டதே தப்பு. பெரியப்பாவின் பிடி இறுகியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

"அவங்க கையிலயா வாங்கித் தின்ன?" என்றார் அப்பா என்னிடம்.

பெரியம்மை அந்த அம்மாளிடம் வேறு கேட்டாள். "ஒனக்கு எத்தன பிள்ள?"

"இல்ல."

"அப்பச் சரி" என்றாள் பெரியம்மை. அந்த இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. "பிள்ளைக்கு நேர்ந்துட்டு, அடுத்தவ பிள்ளையத் தூக்கிட்டுப் போவப் பாத்திருக்கா!"

"இல்லம்மா, ஒங்க கோயிலத் தேடித்தான்..." என்று அவர் ஆரம்பித்தார். முதல் அடி விழுந்தது. "பிள்ளையக் கேளுங்க. பிள்ளையவே கேளுங்க" என்றார். நம்பித்தான் சொன்னார்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு என் முன்னால் குனிந்தார். "ஏட்டி, சொல்லு. நீ சாக்க விட்டு எந்திரிச்சியா? இல்ல, இவன் ஒன்ன இழுத்துட்டுப் போனானா?"

எனக்குக் 'காலை ஒடிச்சிருவேன்' மட்டும்தான் கேட்டது.

தலையாட்டினேன். இழுத்துக்கொண்டு போனார் என்று. தலை தானாக ஆடிவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தானாக ஆடவில்லை. நான்தான் ஆட்டினேன்.

பிறகு நடந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டது. சேவல் சிறகடிக்கிற சத்தம், கயிறு அறுந்து உடைமரப் புதருக்குள் ஓடுகிற சத்தம். அப்பா என் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக் குளத்துக்குள் எறிந்தார். குளத்தில் தண்ணீர் இல்லை. காய்ந்த சேற்றில் டொப் டொப் என்று இரண்டு சத்தம். பிறகு என் முதுகில் ஓர் அடி.

அப்போதுதான் அந்த அம்மாள் கத்தினாள். புருஷனை அடித்தபோது கத்தாதவள்.

"பிள்ளைய அடிக்காதிய! அது பயந்து கெடக்கு."

பூசாரி ஓடிவந்து பெரியப்பாவை இழுத்தார். "விடும் வே. சாமி முன்னாலயா கை நீட்டுதிய?" அவர் விலக்கிவிட்டார். அந்த மனிதர் எழுந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வந்த வழியே தேரியில் நடந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் இரண்டு தடவை நின்று புதர்ப் பக்கம் பார்த்தாள். சேவலைத் தேடியிருப்பாள்.

எங்கள் ஒற்றைக் காதுக் குதிரை பக்கத்தில் நின்றது. நாங்கள் பொங்கல் விட்டோம். பொங்கல் நன்றாகப் பொங்கியது என்று பெரியம்மை குலவை போட்டாள். நான் வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்தேன். கொப்புளம் ஆறப் பத்து நாள் ஆயிற்று.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. "பஸ்ல போற பள்ளிக்கூடம் இவளுக்கு வேண்டாம். ஒரு தடவை பட்டது போதும்" என்றார் அப்பா. பீடித்தட்டு மடிக்கு வந்தது.

ஆயிரம் பீடிக்கு இலை வெட்டிக்கொண்டே நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அந்தக் கை ஒடிந்ததா? ஒடிந்திருந்தால் உப்பு வாருவது எப்படி? நேர்ந்த சேவலைக் கொடுக்காததால் அவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போயிற்றா? சேவலை நரி பிடித்ததா? இப்போதும் சில நாள் விடியற்காலையில் பால்காரர் வருவதற்குள் இந்த நாலையும் ஒரு சுற்று நினைத்துவிடுவேன்.

பதினைந்து வயசில் ஒருநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் இழுத்துக்கொண்டு போகவில்லை, நான்தான் எழுந்தேன் என்று. அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதையே கழுவினார். "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றார். "அடிச்ச பிறவு தெரிஞ்சுது. அந்தப் பொம்பள கத்துனாள்லா, அப்ப." அவரைக் கொடியவர் என்று எழுத எனக்குக் கை வராது. என் மகள் நாலு வயசில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் பத்து நிமிஷம் காணாமல் போனாள். அந்தப் பத்து நிமிஷத்தில் என் கையில் யார் கிடைத்திருந்தாலும் நானும் அடித்திருப்பேன்.

அடுத்தடுத்த பங்குனிகளில் பஸ் ஸ்டாண்டில் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். வெடித்து வெள்ளை படிந்த கால் எத்தனையோ வந்தது. முகத்தை நிமிர்ந்து பார்த்தால் வேறு ஆள். கல்யாணம் ஆனதும் எனக்குச் சாஸ்தாவும் மாறிவிட்டார், புருஷன் வீட்டுச் சாஸ்தா அம்பாசமுத்திரம் பக்கம். பஸ் மேற்கே போக ஆரம்பித்தது. தேடுவதும் நின்றது.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போக, திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கூடியது. நடுவில் ஒரு வடக்கத்திப் பையன், இருபது வயசு இருக்கும், சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயசில் ஒரு பிள்ளை அழுகிறது. பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்.

"பிஸ்கட்டக் குடுத்து மயக்கிருக்கான். வாட்ஸப்ல வந்துதுல்லா?" என்றான் ஒருவன். இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். ஒரு கை அவன் சட்டைக்குப் போனது.

நமக்கு எதற்கு, பஸ் வந்துவிடும், பையை யாராவது எடுத்துவிடுவார்கள். எல்லாம் நினைத்தேன். அந்தப் பிஸ்கட்டைப் பார்த்தேன். என் பின்னலில் இருந்த பூ அது.

பையை விட்டுவிட்டு எழுந்து போனேன். ஒருவன் பிள்ளையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இவன் ஒன்ன இழுத்துட்டு வந்தானா? சொல்லு!" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, மிரட்டாமக் கேளு. மிரட்டுனா பிள்ள தலையத்தான் ஆட்டும்."

"ஆச்சி, ஒங்களுக்குத் தெரியாது. சும்மா இருங்க."

"எனக்குத் தெரியும்லே."

முட்டு வலியோடு கீழே உட்கார்ந்தேன். பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துவிட்டு, "அம்மை எங்கன போனா மக்கா?" என்று கேட்டேன். அது கழிப்பறைப் பக்கம் காட்டியது. அதற்குள் ஒரு பெண் கைக்குழந்தையோடு அலறிக்கொண்டு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தாள். வரிசையில் நிற்கும்போது பிள்ளை கையை விட்டுவிட்டதாம்.

கூட்டம் கலைந்தது. அந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கிழிந்த சட்டைப்பையை நீவிக்கொண்டு நின்றான். எனக்கு அவன் பாஷை தெரியாது. தோளைத் தட்டிக்கொடுக்கலாம் என்று கையைத் தூக்கினேன். அடிக்கத்தான் தூக்குகிறேன் என்று அவன் இரண்டடி பின்னால் போனான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

திரும்பி வந்து பார்த்தேன், பை வைத்த இடத்தில் இருந்தது. யாரோ ஒரு பெண் அதன்மேல் கை வைத்துக் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். "போய்ட்டு வந்துட்டியளா" என்று சொல்லிவிட்டு எழுந்து அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த உப்பளத்துக்காரர் இன்றைக்கு இருந்தால் தொண்ணூறுக்குப் பக்கம் இருப்பார். நீங்கள் யாராவது அந்தப் பக்கத்துக்காரர்கள் என்றால், ஒரு பங்குனியில் கை வீங்கி, சேவல் இல்லாமல் வீடு திரும்பிய புருஷன் பெண்டாட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால், எனக்குச் சொல்லுங்கள். பட்ட அடிக்கும் நான் ஆட்டிய தலைக்கும் என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. இட்லிக்கு விலை போட மனசு வரவில்லை. சேவல் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தெரியாது. எனக்குக் கண்முன் தெரிந்து அவர் இடுப்பு முடிச்சிலிருந்தும் அவள் சுருக்குப்பையிலிருந்தும் போனது, பூ பதினைந்து காசு, அரை டிக்கெட் முப்பத்தைந்து காசு, செருப்பு இரண்டே முக்கால் ரூபாய்.

நான் கொடுக்க வேண்டியது மூன்றேகால் ரூபாய்.